நாற்பத்தொரு பேருக்கு ஒரே நம்பர்

அத்தியாயம் ஐந்து

என் துப்பறியும் நிலையம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கீழே பல் டாக்டர், நடுவில் தட்டச்சுப் பயிற்சி, மேலே நான். மாடி ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் பல் டாக்டரைத் தேடி வழி தவறியவர்கள். மீதிப் பாதி இன்னும் வரவில்லை.

தொழிலுக்கு வேண்டியதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி உண்டு. சுழல் நாற்காலி உண்டு. இடது பக்கம் மட்டும் சுழலும். ஐந்நூறு விசிட்டிங் கார்டு அடித்து, ஊரில் சுவர் என்று எது இருந்ததோ அதிலெல்லாம் ஒட்டியாயிற்று. உதவிக்கு அண்ணி. என் அண்ணனின் மனைவி, இருபத்திரண்டு வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். "அவனைத் தனியா விட்டா ஏதாவது பண்ணி வைப்பான், கூட இருந்து பாத்துக்கோ" என்று அண்ணன் சொன்னதால் வேலைக்குச் சேர்ந்தார். அதை வருகிற எல்லாரிடமும் சொல்லியும் விடுவார்.

அன்று காலை பதினொன்றரைக்கு ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். தோளில் பை, பைக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதக் கட்டு.

"பல் டாக்டர் கீழ" என்றார் அண்ணி, தலையைத் தூக்காமல்.

"பல்லு நல்லா இருக்கும்மா. இந்த அட்டைக்காரரைப் பாக்கணும்."

அவர் கையில் என் விசிட்டிங் கார்டு. எங்கேயோ சுவரிலிருந்து உரித்து எடுத்திருந்தார். பின்புறம் சுண்ணாம்பு அப்பியிருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐந்நூறில் ஒன்று வேலை செய்துவிட்டது.

"நான்தாம்மா அது. உக்காருங்க."

"கம்ப்யூட்டர் சென்டர் சுவத்துல இருந்துச்சு சார். எனக்கு எழுத்து வராது, நம்பர் மட்டும் படிப்பேன். இதுல இருக்கற நம்பர் வந்து..."

"நம்பரெல்லாம் இருக்கட்டும்மா. நேர்லயே வந்துட்டீங்க, இனி நம்பர் எதுக்கு? வழக்கைச் சொல்லுங்க."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கார்டைப் பைக்குள் வைத்துவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லத் தொடங்கினார்.

அவருடைய கணவர் கொத்தனார். நாலு வருஷத்துக்கு முன்னால் சாரம் சரிந்து விழுந்தார். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை; படுக்கைதான். அவரைப் போன்றவர்களுக்கு அரசாங்கம் தருகிற உதவித்தொகையில்தான் மருந்தும், சிறுநீர்க் குழாயும், வீட்டுச் சாப்பாடும் நடக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை, இன்னார் உயிரோடு இருக்கிறார் என்று ஆன்லைனில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பெயர் போய்விடும். போனால் முதலிலிருந்து விண்ணப்பம். முதல் தடவை விண்ணப்பித்துக் கைக்கு வர இரண்டரை வருஷம் ஆயிற்று.

"கெடு எப்போ?"

"இன்னிக்கு அஞ்சு மணி சார்."

அண்ணி இப்போதுதான் தலையைத் தூக்கினார்.

"பதியறதுக்கு என்ன தடை?"

"போனுக்கு ஓடிபி வரும் சார். அந்த போன் எங்ககிட்ட இல்ல. முன்ன அது எங்க ஊரு தபால் அக்கா நம்பர். இப்ப அது..."

"இப்ப அது ஒரு திருடன் கையில இருக்கு" என்று நான் முடித்து வைத்தேன். கட்சிக்காரர் வாயைத் திறக்கும்போதே முடிவைச் சொல்லிவிடுவது என் பாணி. "கவலையே படாதீங்க. எவனா இருந்தாலும் விட மாட்டேன். யாருகிட்ட? எங்கிட்டயா?"

அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கம்பீரம் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

"இந்த வசனத்தைச் சொன்ன நாலு வழக்குலயும் நாம தோத்திருக்கோம் தம்பி" என்றார் அண்ணி, செருப்பை மாட்டிக்கொண்டே.

கம்ப்யூட்டர் சென்டர் இரண்டு தெரு தள்ளி. பன்னிரண்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு மின்விசிறி, மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்று உயிரோடு. கம்ப்யூட்டர்காரர் கொத்தனாரின் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆறு நட்சத்திரம், பிறகு 0962 என்று நாலு எண்கள்.

"இந்த நம்பருக்குத்தான் சார் ஓடிபி போகுது. இவங்களுக்கு மட்டும் இல்ல, இவங்க ஊர்ல நாப்பத்தொரு பேருக்கும் இதே நம்பர்தான்."

"நாற்பத்தொரு பேர்" என்றேன். "அண்ணி, இது தனி ஆள் வேலை இல்ல. பெரிய கும்பல்."

"ஒரு நம்பரை வச்சுட்டு கும்பலா? சந்தா போட்டு வாங்கினாங்களா?"

நான் அதைக் காதில் வாங்கவில்லை. "நம்பரை மாத்திடலாமே?" என்று கம்ப்யூட்டர்காரரை மடக்கினேன்.

"தாராளமா மாத்தலாம் சார். அதுக்கு ஒரு ஓடிபி வரும்."

"எங்க வரும்?"

"பழைய நம்பருக்கு."

"பழைய நம்பர் இல்லன்னுதானேய்யா மாத்தறோம்?"

"அப்படின்னா உதவி மையத்துக்கு எழுதணும். எழுதறது நாமதானான்னு முதல்ல உறுதி பண்ணிக்குவாங்க."

"எப்படி உறுதி பண்ணுவாங்க?"

"ஓடிபி வரும் சார்."

"நேரா ஆபீசுக்கே போனா?"

"கவுன்டரை மூடிட்டு, எல்லாம் இப்போ ஆன்லைன்ல ஈஸின்னு போர்டு வச்சிருக்காங்க."

துப்பறிகிறவன் இந்த இடத்தில் மேஜையைத் தட்ட வேண்டும். தட்டினேன். உயிரோடிருந்த ஒரே கம்ப்யூட்டரும் அணைந்து, மறுபடி வரப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அந்த அம்மாவுக்கு முழு நம்பரும் மனப்பாடம். கம்ப்யூட்டர்காரரின் போனிலிருந்து போட்டுப் பார்த்தோம். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொண்டது.

"முன்ன மணி அடிக்கும் சார். ஒருத்தர் எடுப்பார், திட்டுவார், வச்சிடுவார். ஒரு மாசமா அணைச்சுட்டார்."

"கை தேர்ந்தவன். தடயமே வைக்க மாட்டான்" என்றேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க, அந்த நம்பர் இந்த..." என்று அவர் கை பைக்குள் போனது.

"கேள்வி கேக்கறது எங்க வேலைம்மா. பதில் சொல்றது மட்டும் உங்க வேலை."

கை பையிலிருந்து வெறுமனே வெளியே வந்தது.

குற்றம் நடந்த இடத்தைப் பார்க்காமல் எந்தத் துப்பறிவாளனும் மேலே போக மாட்டான். ஆகவே வேன் பிடித்து ஊருக்குப் போனோம். ஒரு மணி நேரப் பயணம். வேனில் பதினான்கு பேர், ஒரு கதவு, அது என் மடியில்.

ஊரில் இறங்கியதும் என் போனிலிருந்த கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் சிக்னலே இல்லை. "இங்க கிடைக்காது சார், மோட்டார் ரூம் மேல ஏறணும்" என்றார் அந்த அம்மா. வயலுக்கு நடுவே ஒரு மோட்டார் அறை. அதன் கூரையில் ஒரு மனிதர் போனை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றிருந்தார். ஆட்டுக்காரராம். இரண்டு காலையும் ஊன்றினால் சிக்னல் போய்விடுமாம்.

போகிற வழியில் அவர்கள் வீடு. கட்டிலில் கொத்தனார். கட்டிலிலிருந்து கை எட்டும் உயரம் வரை பக்கத்துச் சுவரை அவரே பூசி வழவழவென்று வைத்திருந்தார். அதற்கு மேலே காரை உதிர்ந்து கிடந்தது.

"வாங்க சார். நான் உயிரோட இருக்கேனா இல்லையான்னு பாக்க வந்தீங்களா?" என்று சிரித்தார். "நானே சொன்னா ஒத்துக்க மாட்டாங்களாம். போன் சொல்லணுமாம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் தலைமாட்டில் மூன்று குழாய்கள் கழுவிக் காயப் போட்டிருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிய வேண்டியவை அவை. இந்த வழக்கிலாவது தோற்கக் கூடாது என்று அப்போதுதான் உண்மையிலேயே தோன்றியது.

மோட்டார் அறைக்குப் போய்க் கீழே நின்றபடி ஆட்டுக்காரரை விசாரித்தேன்.

"தபால் அக்கா மகன் வீட்டுக்குப் போயி ஒரு வருஷம் ஆச்சு சார்" என்று மேலிருந்து குரல் வந்தது. "ஃபாரத்துல மொபைல் நம்பர் எழுதணும்னாங்க. அப்ப ஊர்ல போன் அக்காகிட்ட மட்டும்தான். எல்லாரும் அதையே எழுதிட்டோம். ஓடிபி வந்தா அக்கா இங்கருந்து எறங்கி வீடு வீடா ஓடுவாங்க. பத்து நிமிஷத்துல செல்லாம போயிடுமே. ஓடி ஓடியே எளச்சுட்டாங்க."

"அக்கா போனப்புறம் அந்த நம்பருக்குக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிடாம? எல்லாரும்தான் கூப்பிட்டோம். எவனோ ஒருத்தன் எடுத்தான். ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க சார்னு கெஞ்சினேன். யாருகிட்ட, எங்கிட்டயான்னு ரெண்டு தடவை கேட்டுட்டு வச்சுட்டான்."

"எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார் அண்ணி.

"எல்லா அயோக்கியனும் அப்படித்தான் பேசுவான் அண்ணி."

ஆட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றபடியே தபால் அக்காவுக்குப் போட்டுக் கொடுத்தார். அக்கா அந்தப் பக்கம் அழுதேவிட்டார். "மகன் புது போன் வாங்கிக் குடுத்தான் சார். பழைய சிம்முக்கு ரெண்டு மூணு மாசம் ரீசார்ஜ் பண்ணல. லைனே போயிடுச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செல் கடை இருக்குல்ல, அவருதான் எனக்கு எப்பவும் போட்டுத் தருவார். கேட்டுப் பாருங்க, யாருக்காவது வித்திருப்பாங்க."

இதுதான் துப்பு. வெற்றிக் களிப்புடன் திரும்பினேன். அந்த அம்மா தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்தார்.

"சார், பேசாம உங்க ஆபீசுக்கே போயிடலாமா?"

"களைப்பா இருக்கா? துப்பறியறதுன்னா நாலு எடம் அலையத்தாம்மா வேணும்."

"சரிங்க சார்" என்றார். அதில் கோபம் இல்லை. அலைச்சல் என்றதும் ஏதோ பழகின வார்த்தை காதில் விழுந்தது போலத் தலையாட்டினார்.

செல் கடையில் நுழையும்போது மணி நாலு இருபது. வேன் நடுவழியில் டயரை மாற்றிக்கொண்டது.

"வாங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்றார் கடைக்காரர். என் புகழ் இங்கும் பரவியிருக்கிறது என்று அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார்.

நம்பரைச் சொன்னேன். "தெரியும் சார். ரீசார்ஜ் பண்ணாம விட்டா கம்பெனி எடுத்துக்கும், கொஞ்ச நாள் கழிச்சு புது சிம்முல வரும். எட்டு மாசம் முன்ன என் கையாலதான் வித்தேன். ஆனா யாருக்குன்னு வெளிய சொல்லக் கூடாது."

"எங்களுக்கு நாப்பது நிமிஷம்தான் இருக்கு."

"போலீஸ் லெட்டர் இருக்கா?"

இந்தக் கட்டத்துக்காகத்தான் ஐந்நூறு அடித்து வைத்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டினேன். சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை உருவி, இரண்டு விரலால் கண்ணாடி மேஜைமேல் அறைந்தேன். "இது போதுமா பாருங்க. யாருகிட்ட? எங்கிட்டயா?"

கடைக்காரர் கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேஜைக்கடியிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டி, மறுபடி கார்டைப் பார்த்தார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து, கார்டை அதன் மேல் வைத்தார். கார்டில் என் பெயருக்குக் கீழே பத்து எண்கள். நோட்டிலும் பத்து எண்கள். இரண்டும் 0962 என்று முடிந்தன.

நோட்டில் வாங்கியவரின் போட்டோ ஒட்டியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட போட்டோ.

"கழட்டிட்டு எடுங்கன்னு எவ்வளவோ சொன்னேன்" என்றார் கடைக்காரர். "துப்பறிவாளர் முகம் வெளிய தெரியக் கூடாதுன்னீங்க."

அண்ணி குனிந்து போட்டோவைப் பார்த்தார். "குற்றவாளி களையாத்தான் இருக்கான்" என்றார்.

இரண்டாவது சிம் வாங்கியவர்கள் யாராவது அந்த நம்பரை மனப்பாடம் பண்ணுவார்களா என்று நீங்களே சொல்லுங்கள். கார்டு அடிக்க சிம் வந்த அட்டையைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன், அத்தோடு சரி. தொழில் போன் என்று தனியாக ஒன்று வைத்தேன். கட்சிக்காரர் ஒருவரும் கூப்பிடவில்லை. மோசடிப் பேர்வழிகள் மட்டும் நாள் தவறாமல் கூப்பிட்டார்கள். 'ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்.' ஓடிபி கேட்கிறவன் திருடன் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும், எனக்குத் தெரியாதா? வாய் வலிக்கத் திட்டினேன். இருபத்தேழு பேரை பிளாக் செய்தேன். கடைசியில் சனியன் ஒழியட்டும் என்று அணைத்து டிராயரில் போட்டேன். ஒரு ஊரையே ஏமாற்றுக் கும்பல் என்று முடிவு கட்டி, என்னை நானே மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தம்பி, வெக்கப்படறதை அஞ்சு மணிக்கு மேல வச்சுக்கலாம். ஓடுங்க."

ஓடினேன். இரண்டு மாடியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. டிராயர் நாற்காலியின் வலது பக்கம் இருந்தது. நாற்காலி வழக்கம் போல இடது பக்கம்தான் சுழன்றது. அதைத் தள்ளிக் கவிழ்த்துவிட்டு போனை எடுத்தேன். உயிர் இல்லை. சார்ஜில் போட்டு, அது கண் திறப்பதற்குள் என் கண் இருட்டியது. திறந்ததும் செய்திகள் கொட்ட ஆரம்பித்தன. இருநூறுக்கு மேல். எல்லாம் ஆறு எண் ஓடிபிகள். ஒவ்வொன்றும் பத்து நிமிஷம் செல்லுபடியாகி, என் டிராயரில் கிடந்து வீணானவை. நடுவில் யாரோ எழுதத் தெரிந்தவரிடம் கேட்டு அனுப்பிய ஒரு செய்தி: 'அய்யா நாங்க திருடங்க இல்ல.'

கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. அந்த அம்மாவும் அண்ணியும் கடையிலிருந்து நேராக வந்து, ஏற்கெனவே பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டர்காரர் 'ஓடிபி அனுப்பு' என்பதை அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா" என்றேன், மூச்சு வாங்க. "உங்களுக்குக் காலையிலேயே தெரியுமா?"

"தெரிஞ்சுதானே சார் வந்தேன். அட்டையில நம்பரைப் பாத்துட்டுதான் மாடி ஏறினேன். போன் இங்க இருக்கும், கால்ல விழுந்தாவது வாங்கிடலாம்னு."

"அப்போ அடிச்சுச் சொல்றதுதானே? நாள் பூரா என் பின்னாடி அலைஞ்சீங்களே?"

"மூணு தடவை சொல்ல வந்தேன் சார். கேள்வி நீங்கதான் கேப்பீங்கன்னீங்க. கவுன்டர்ல குறுக்க பேசினா அன்னிக்கு வேலை நடக்காது, அது எங்களுக்குப் பழக்கம்." அவர் வட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்புறம் சென்டருக்குப் போகணும், ஊருக்குப் போகணும், கடைக்குப் போகணும்னீங்களா, இதுதான் முறை போலன்னு நெனச்சுட்டேன். எங்க போனாலும் நாலு எடம் அலைய விட்டுட்டு அஞ்சாவது எடத்துலதானே சார் செஞ்சு குடுப்பாங்க?"

என் வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அவர் திட்டவே இல்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்தது. விடுதியில் ஆயிரம் பெண்களின் முகத்தைப் படித்த அண்ணியும் தலை குனிந்து நின்றார். "நானும் கவனிக்கலியேம்மா" என்றார்.

என் கையில் போன் அதிர்ந்தது. நாலு ஐம்பத்தாறு. ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன், கம்ப்யூட்டர்காரர் தட்டினார், அந்த அம்மா சத்தமில்லாமல் கூடவே சொன்னார். மறுபடி வட்டம். பிறகு பச்சை எழுத்தில் ஒரு வரி.

"என்ன போட்டிருக்கு?" என்றார் அவர்.

"உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்காராம்" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மத்தவங்க?" என்று கேட்டேன்.

"கெடு அவங்கவங்க சேந்த மாசத்துக்கு ஏத்த மாதிரி சார். பாக்கிப் பேருக்கு இன்னும் நாள் இருக்கு." கம்ப்யூட்டர்காரர் திரையில் பட்டியலைக் கீழே நகர்த்தினார். "ஆறு பேர் பேரு மட்டும் ஏற்கெனவே போயிடுச்சு. முதல்லேருந்து போடணும்."

ஆறு பேர். இரண்டரை வருஷம். அந்த ஆறு பேரையும் நான்தான் திட்டி அனுப்பியிருக்கிறேன். துப்பறிந்து கண்டுபிடித்த முதல் குற்றவாளியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்ப போன் கையில இருக்கறதால நம்பரையும் மாத்திடலாம்" என்றார் கம்ப்யூட்டர்காரர். "புது நம்பர் சொல்லுங்கம்மா."

"எங்களுக்கு ஏது நம்பர்?" அந்த அம்மா எழுந்து, என் கையிலிருந்த போனையும் பிறகு என்னையும் பார்த்தார். "இதே இருக்கட்டும். சார் இனிமே திட்ட மாட்டாருல்ல?"

"திட்டினா எனக்குச் சொல்லுங்க, முட்டி போட வைக்கறேன்" என்றார் அண்ணி. என் கையிலிருந்து போனை வாங்கி, பிளாக் செய்த இருபத்தேழு நம்பரையும் ஒவ்வொன்றாக விடுவித்தார்.

கடைசி நம்பரை விடுவித்து அவர் திருப்பிக் கொடுத்த அரை நிமிஷத்தில் மணி அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் காற்று சத்தம். மோட்டார் அறைக் கூரையாகத்தான் இருக்க வேண்டும்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்று ஆரம்பித்தது ஒரு வயதான குரல். பேசுவதற்கு முன்பே மன்னிப்பு. "கோபிச்சுக்காதீங்க, ஒரே ஒரு தடவை, பேரு போயிடுச்சுன்னாங்க, அதான்..."

நாக்கு நுனிவரை பழைய வசனம் வந்தது. அது எட்டு மாசப் பழக்கம். விழுங்கிவிட்டு, கம்ப்யூட்டர்காரரின் பேனாவையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் இழுத்துக்கொண்டேன்.

"தப்பு என்னோடதுங்கய்யா. நீங்க முழுசா சொல்லுங்க, நான் குறுக்க பேசல" என்றேன்.